ஆபரேட்டரை அணுகவும்

கோகிலவாணியைப் பற்றி எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சண்டைக்காரி என்றுதான். நானும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் கொஞ்சம் பெருமையோடு சொல்வேன். என் பெயர் திருமால். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கீழே யூரியா மூட்டை, மேலே கம்ப்யூட்டர். கிராமங்களில் பால் ஊற்றும் சென்டர்களுக்குப் பாலை அளந்து கொழுப்பு பார்க்கும் மெஷினும், அதில் ஓடும் புரோகிராமும் கொடுப்பது எங்கள் தொழில். மெஷினை பைக்கில் கட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவது என் வேலை. புரோகிராமை எழுதியவர் முதலாளி சத்யராஜ். அதில் இருக்கும் ஓட்டை உடைசலைக் கண்டுபிடிப்பது கோகிலவாணியின் வேலை. தான் எழுதியதில் குறை சொல்வதற்குத் தானே சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால், ஒன்று அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும், அல்லது தினமும் ரகளைதான். எங்கள் ஆபீசில் தினமும் ரகளை.

அவளுக்குச் சொந்த ஊர் கடத்தூர். அப்பா நஞ்சப்பன் லாரி ஓட்டுகிறவர். தர்மபுரியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் டெஸ்டராக இருந்தாள். அங்கே ஒரு பிழையைப் பிடித்து எழுதிப் போட்டாள். “எங்கள் கம்ப்யூட்டரில் வரவில்லை” என்று பதில் எழுதி அந்தப் புகாரை மூடிவிட்டார்கள். மறுநாள் அவள் திறந்தாள். அவர்கள் மூடினார்கள். அவள் மறுபடியும் திறந்தாள். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, உனக்கு டீமோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெட்டியோடு ஊர் திரும்பியபோது அழுதாயா என்று நான் ஒருமுறை கேட்டேன். “அழுதேன்ணா. ஆனா அந்தப் பிழை இன்னும் அங்கதான் கெடக்கு” என்றாள். அதுதான் அவளுக்கு வருத்தம்.

பெண் பார்க்க வந்த கதையும் உண்டு. காரிமங்கலத்துப் பையன், நல்ல வேலை. “கல்யாணத்துக்கப்புறம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்களா?” என்று கேட்டிருக்கிறான். “எதை, எதுக்கோசரம்னு சொல்லுங்க, பாக்கலாம்” என்றிருக்கிறாள் இவள். காபி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நஞ்சப்பன் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. பிறகு அவராகவே பேசினார். பேசாமல் இருக்கிற அளவுக்கு அவருக்குத் தெம்பில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் முனியப்பன் கொட்டாய் விவகாரம் வந்து சேர்ந்தது.

முனியப்பன் கொட்டாய் என்பது பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகும் சின்ன ஊர். வீட்டுக்கு வீடு மாடு. அங்கே பால் சென்டர் நடத்துகிறவர் மாதம்மாள். எட்டாவது வரை படித்தவர், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். அவருக்கு முன்னால் சென்டர் பச்சியப்பன் என்பவரின் வீட்டில் இருந்தது. அவர் அளக்கிற அளவில் ஊருக்கு நம்பிக்கை போய், பெண்கள் எல்லோரும் சேர்ந்து பால் கம்பெனியிடம் முறையிட்டு, சென்டரை மாதம்மாள் கைக்கு மாற்ற வைத்தார்கள். அந்த ஊரில் ஒரு பெண் அப்படி ஒரு பொறுப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பச்சியப்பன் அதை மறக்கவே இல்லை. தினமும் அவரும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து மாதம்மாளிடம்தான் பால் ஊற்றவேண்டும். எப்போது இந்தப் பெண் சறுக்குவாள் என்று காத்திருந்தார்.

வைகாசியில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மாதம்மாளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“தம்பி, மெஷினு நின்னுபோச்சு. மொத ஆளு பால வெச்சதுமே செவப்பு எழுத்துல வருது.”

“என்னன்னு வருதுக்கா? படிங்க.”

“பிழை, ஆபரேட்டரை அணுகவும்னு வருது. ஆபரேட்டரே நான்தான தம்பி? நான் யாரப் போயி அணுவறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமில்லை. பக்கத்திலேயே இருந்த முதலாளியிடம் போனைக் கொடுத்தேன். மெஷினை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டார்கள். அதே சிவப்பு. மறுபடி அணைத்துப் போடச் சொன்னார். அதே சிவப்பு. பின்னாலே பால் வண்டி ஹாரன் அடிப்பது போனில் எங்களுக்கே கேட்டது. மெஷினில் ஏறாத பாலை, சிலிப் இல்லாத பாலை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது கம்பெனி சட்டம். நோட்டில் எழுதித் தருகிறேன் என்று மாதம்மாள் கெஞ்சியிருக்கிறார். டிரைவர் என்ன செய்வான், பாவம். வண்டி போய்விட்டது.

அந்த வெயில் காலத்தில் பால் எத்தனை நேரம் தாங்கும்? பெண்கள் கேன்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். முடிந்தவர்கள் உறை ஊற்றினார்கள். ஒரு ஊர் முழுக்கத் தயிரானால் அதை யார் தின்பது? மிச்சமெல்லாம் திரிந்துபோக, மறுநாள் சாக்கடையில் ஊற்றினார்கள். அதைவிடக் கொடுமை, மறுநாள் காலை மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. பச்சியப்பனுக்கு அது போதும். “மெஷினு நல்லாத்தான் இருக்குது, ஒக்காந்திருக்கற ஆளுதான் சரியில்ல” என்று கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். அவருடைய மருமகன் டிப்ளமா படித்தவன் என்பதையும் கூடவே சொல்லிவைத்தார்.

கம்பெனியின் கொள்முதல் அதிகாரி தமிழ்ச்செல்வன் எங்கள் முதலாளியைக் கேட்டார்: தப்பு மெஷினிலா, ஆளிடமா, எழுத்தில் பதில் வேண்டும். ஆளிடம் என்றால் சென்டரை வேறு கைக்கு மாற்றிவிடுவோம்.

மாதம்மாள் தலைக்குமேல் தொங்கிய கத்தி அதுதான். முதலாளிக்கு வேறு கணக்கு. காரிமங்கலம் பக்கத்துச் சென்டர்களுக்கும் எங்கள் மெஷினையே மாட்டலாமா என்று அந்தக் கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் தப்பு எங்கள் புரோகிராமில் என்று எழுத அவருக்குக் கை வருமா?

“கோகிலா, ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதிடு. ஆபரேட்டர் எரர்னு” என்றார்.

டெஸ்ட் செய்வதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது, பார்த்தீர்களா. அவள் மேசையில் மெஷினை வைத்து ஓட்டினாள். காலை ஷிப்ட் திறந்து சில பேர் பால் ஊற்றியதுபோல் பதிந்து மூடினாள். மாலை ஷிப்ட் திறந்தாள். ஓடியது. எருமைப் பால் என்று போட்டாள். ஓடியது. கரண்டை நடுவில் பிடுங்கினாள். அப்போதும் ஓடியது. முதலாளி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, நல்லா ஓடுது. அப்ப ஆளுதான் தப்பு.”

“இல்லீங்க சார். என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியலன்னுதான் அர்த்தம்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“பெங்களூர்லயும் இதத்தான் சார் சொன்னாங்க.”

முதலாளி முகம் சுருங்கியது. அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குச் சரியாக போனஸ் கொடுப்பார், என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து பார்த்தார். ஆனால் அவருடைய புரோகிராமை யாராவது தொட்டால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். கோகிலவாணி தொட்டது புரோகிராமை இல்லை, புண்ணை. மெஷின் நின்றால் எந்த வரியில், எதனால் நின்றது என்று புரோகிராம் எழுதிய மொழியே தெளிவாகச் சொல்லும். அந்தச் செய்தியை விழுங்கிவிட்டு, பதிலுக்கு “பிழை. ஆபரேட்டரை அணுகவும்” என்று மட்டும் காட்டும்படி எழுதியிருந்தவர் அவர்தான். கிராமத்து ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார்களாம். உண்மையில் பயந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் என் பைக்கில் ஏறிக்கொண்டாள். “எங்க?” என்றேன். “அணுகத்தான், ஆபரேட்டரை” என்றாள்.

மாதம்மாள் எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கேன்களைக் கழுவிக்கொண்டே பேசினார். “தப்பு என்னுதுன்னு எழுதறதுக்கு வந்திருக்கீங்களா? எழுதிட்டுப் போங்க. நான் எதியும் மாத்தி அழுத்தல. கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்.”

“சத்தியமெல்லாம் வேணாங்க்கா. அன்னிக்கிக் காத்தாலருந்து என்ன பண்ணுனீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. காத்தால கணக்க மூடும்போது மெஷினு ஒழுங்கா மூடுச்சா?”

“காத்தால ஏது கணக்கு?” மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “காத்தால யாரு பாலு ஊத்துவா?”

“ஏன் ஊத்தல?”

“ஏனா? கன்னு வுடற நாளாச்சே பாப்பா!”

அந்த ஊரில் வைகாசிப் பொங்கல் அன்று காலை யாரும் செம்பைத் தொடமாட்டார்கள். கன்றை அவிழ்த்துவிட்டு, வயிறு முட்டக் குடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். வருஷமெல்லாம் அதன் பங்கை நாம்தானே பிடுங்கிக்கொள்கிறோம், ஒரு நாளாவது அதுவே குடிக்கட்டும் என்பது வழக்கம். கன்று இல்லாத மாட்டின் பால் முனியப்பன் கோயில் பொங்கல் பானைக்குப் போகும். சென்டருக்கு ஒரு சொட்டு வராது. சாயங்காலம் எப்போதும்போல் கறந்து ஊற்றுவார்கள். மாதம்மாள் இதைப் போனில் எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? சூரியன் கிழக்கே உதித்தது என்றும்தான் அவர் சொல்லவில்லை. மெஷின் அந்த ஊருக்கு வந்தபிறகு வந்த முதல் பொங்கல் அது. மாட்டப்போனபோது நானும் கேட்கவில்லை, எழுதும்போது முதலாளியும் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் காலை என்றால் பால் வரும்.

கோகிலவாணி ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். முதலாளி போட்டிருந்த மூடியை, அதாவது உண்மைச் செய்தியை விழுங்கும் அந்த வரிகளை, முதலில் தூக்கினாள். காலைப் பதிவு எதுவும் இல்லாத ஒரு நாளை உண்டாக்கினாள். மாலை ஷிப்டைத் திறந்து ஒரு ஆள் பால் ஊற்றியதாகப் போட்டாள். நின்றது. இந்தத் தடவை திரையில் வந்தது வேறு செய்தி: இந்த வரியில் ‘மார்னிங் ஆவரேஜ்’ என்று ஒரு பெயர் வருகிறது, அப்படி ஒன்று வரையறுக்கப்படவே இல்லை.

அவள் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது.

“என்னா பாப்பா, கண்டுபுடிச்சிட்டியா?” மாதம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

“கண்டுபுடிச்சிட்டன்க்கா. ஒங்க மேல தப்பே இல்ல.” பிறகு அவருக்குப் புரியும்படி சொல்ல ஆரம்பித்தாள். “சாயங்காலப் பாலுல தண்ணி கலந்திருக்கான்னு பாக்க, காத்தாலப் பாலோட கொழுப்ப வெச்சி ஒப்பிட்டுப் பாக்குது இந்த புரோகிராமு. காத்தால பாலு வந்திருந்தா அதோட சராசரியப் போட்டு ஒரு பேரு வெய்யின்னு எழுதியிருக்காரு. வரலன்னா என்ன பண்ணணும்னு எழுதல. அப்புறம் சாயங்காலம் பொறக்காத புள்ளயப் பேர் சொல்லிக் கூப்புடுது. யாரு வருவா?”

“பேரே வெக்காத புள்ளயவா?”

“ஆமாங்க்கா. யாருன்னு தெரியாம நின்னுபோயிடுது.”

எங்கள் புரோகிராம் பைத்தான் மொழியில் எழுதியது. அந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு. சில மொழிகள் போல எல்லாப் பெயரையும் முன்கூட்டியே சொல்லிவை என்று கண்டிப்பு காட்டாது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். அந்த வரி ஓடுகிற நேரத்தில்தான் யார் இது என்று கேட்கும். அதனால் மாறி (வேரியபிள்) எனப்படும் அப்படி ஒரு பெயர் வருஷமெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, ஒரு திருவிழா அன்று மட்டும் காணாமல் போகமுடியும். ஆபீசில் காலை ஷிப்டை முதலில் ஓட்டி ஓட்டிப் பார்த்ததால்தான் அது அவள் கையிலும் சிக்கவில்லை. இதெல்லாம் திரும்பி வரும் வழியில் அவள் என் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே வந்தது. எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

முதலாளி கேட்டுவிட்டு ஒரே நிமிஷத்தில் மருந்து சொன்னார். “மேல ஒரு வரி சேரு. மார்னிங் ஆவரேஜ் பூஜ்யம்னு போட்டுடு. முடிஞ்சுது.”

அவள் அங்கேயே போட்டுக் காட்டினாள். இப்போது மெஷின் நிற்கவில்லை. ஆனால் யார் பால் ஊற்றினாலும் சிலிப்பில் ‘கலப்படச் சந்தேகம்’ என்று அடித்துக் கொடுத்தது. காலையில் கொழுப்பு பூஜ்யம், மாலையில் நாலு என்று இத்தனை வித்தியாசம் இருந்தால் அதற்குச் சந்தேகம் வராதா?

“ஊத்தாதது வேற, பூஜ்யம் ஊத்துனது வேற சார். பூஜ்யம்னு போட்டா ஊரே திருட்டு ஊராயிடும். காத்தாலப் பாலு இல்லன்னா ஒப்பிடாதேன்னு எழுதணும். இதே மாதிரி ஒரு நிபந்தனைக்குள்ள மட்டும் பொறக்கற பேரு இன்னும் எங்கெங்க இருக்குன்னும் பாக்கணும்.”

“சரி, எழுது. ஆனா ரிப்போர்ட்டு மாறாது. காலை ஷிப்ட தொறந்து மூடாம மாலை ஷிப்டுக்குப் போனது ஆபரேட்டர் தப்புன்னு போயிடும். டெஸ்ட் பண்ணுனது நீ, ஒன் பேருதான் கீழ வரும்.”

அவள் அவரையே பார்த்தாள். “என் பேரு வராது சார்” என்றாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், இரண்டு பேரும் இறங்கிவர மாட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் தமிழ்ச்செல்வன் முனியப்பன் கொட்டாய்க்கே வந்துவிட்டார். சென்டர் வாசலில் ஊரே நின்றது. பச்சியப்பன் சலவைச் சட்டையோடு முன்னால் நின்றார். முதலாளி தான் டைப் செய்த ரிப்போர்ட்டை அதிகாரியிடம் நீட்டினார். கீழே கோகிலவாணியின் பெயர், கையெழுத்துக்கு இடம். கடைசி பத்தியில் ஓர் ஆலோசனையும் எழுதியிருந்தார். அதிகாரி அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: இனிமேல் காலையில் பால் வராத நாட்களில், ஆபரேட்டர் தன் பெயரில் ஒரு லிட்டர் ஊற்றியதாகப் பதிந்துகொள்ளவேண்டும்.

“இது சுலபமா இருக்கே. ஒரு லிட்டர் தானம்மா, போட்டுடலாமில்ல?” என்று அதிகாரி மாதம்மாளைக் கேட்டார்.

மாதம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “கன்னு குடிச்ச பால நான் ஊத்துனதா எழுதச் சொல்றீங்களா சார்? ஊத்தாதத ஊத்துனன்னு எழுதுனா, தண்ணி கலக்கறவனுக்கும் எனக்கும் என்னா சார் வித்தியாசம்? அளவுல பொய் வரக்கூடாதுன்னுதான இந்தப் பொம்பளைங்கல்லாம் சேந்து என்ன இங்க ஒக்கார வெச்சாங்க? சென்டரு போனாப் போவுது. அத மட்டும் நான் எழுத மாட்டன்.”

பின்னால் நின்ற பெண்கள் சலசலத்தார்கள். முதலாளி ரிப்போர்ட்டைக் கோகிலவாணி பக்கம் தள்ளி, பேனாவை எடுத்து நீட்டினார். அவள் பேனாவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள்.

“சார், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேல. மெஷின்ல இன்னும் பழைய புரோகிராமுதான் இருக்கு. இன்னிக்கிக் காத்தாலப் பால திருமாலண்ணன் கொண்டாந்த வேற மெஷின்ல ஏத்தி அனுப்பிட்டோம், இதுல காத்தாலப் பதிவே இல்ல. நீங்களே சாயங்கால ஷிப்ட தொறந்து, மொத ஆளு பால ஊத்துங்க. எப்படி அழுத்துனா சரின்னு ஒங்களுக்குத் தோணுதோ அப்படியே அழுத்துங்க.”

தமிழ்ச்செல்வன் தயங்கினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தார். சாம்பிளை வைத்தார், பெயரை எடுத்தார், பொத்தானை அழுத்தினார். சிவப்பு. பிழை, ஆபரேட்டரை அணுகவும்.

“இப்ப ஆபரேட்டரு நீங்கதானுங்களே சார்” என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியவில்லை. பச்சியப்பன் மட்டும் மெஷினையே முறைத்துக்கொண்டிருந்தார், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல.

“மேனுவல்ல காலை ஷிப்ட மூடணும்னு...” என்று முதலாளி ஆரம்பித்தார்.

“மேனுவல நான் முழுசாப் படிச்சிட்டன் சார். அதுல இது இல்ல. இருந்திருந்தாலும் அது இங்கிலீஷ்ல இருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “காத்தாலப் பாலு இல்லாத ஒரு நாள் இருக்கும்னு நம்ம புரோகிராமுக்குத் தெரியாது. தெரியாதது நம்ம தப்பு. அத மறைக்கறதுக்கு இவங்க வேல போகணுமா? நான் கையெழுத்துப் போட மாட்டன்.”

அவள் வேறொரு தாளை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தாள். அவளே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். பிழை புரோகிராமில், இன்ன மாறி காலைப் பால் வந்தால் மட்டுமே வரையறுக்கப்படுகிறது, ஆபரேட்டர் மீது தவறு இல்லை என்று அதில் இருந்தது. தமிழ்ச்செல்வன் இரண்டு தாளையும் பார்த்தார். முதலாளியின் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, அவள் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சென்டர் மாதம்மாளிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். திரிந்துபோன பாலுக்கு யார் பதில் என்று ஒருத்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அது இன்றுவரை எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆபீசுக்குத் திரும்பியதும் முதலாளி கதவைச் சாத்தவில்லை. கீழே உரக்கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். “ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. நாளையிலருந்து வராத.”

“காரணத்த எழுதிக் குடுங்க சார், போயிடறன்.”

“என்ன காரணம்?”

“அதத்தான் சார் கேக்கறன். பெங்களூர்ல எழுதிக் குடுக்கல. அழுதுகிட்டே வந்துட்டன். இந்தத் தடவ எழுத்துல வாங்காம எழுந்திருக்க மாட்டன்.”

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார். பிழையைக் கண்டுபிடித்ததால் என்று எழுதமுடியுமா? பொய்க் கையெழுத்துப் போடாததால் என்று எழுதமுடியுமா? எழுந்து வெளியே டீ குடிக்கப் போனவர் அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் அவள் எப்போதும் வருகிற கடத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நிபந்தனைக்குள் மட்டும் பிறக்கிற பெயர்கள் இன்னும் சில அகப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதலில் வராமல் இருந்தார். பிறகு வந்தார். நாளடைவில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். ஆனால் காரிமங்கலம் பக்கத்துச் சென்டர்கள் எங்களுக்கு வரவில்லை, வேறு யாருக்கோ போய்விட்டன. சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் முதலாளி அதைச் சொல்லிக்காட்டுவார். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். நான் வாங்கிக்கொள்வேன், எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறதே.

புதுப் புரோகிராமில் அவள் கூடுதலாக ஒரு காரியம் செய்திருந்தாள். காலைப் பால் இல்லாத நாள் என்றால் அதற்கு என்ன காரணம் என்று ஆபரேட்டரே தமிழில் எழுதிக்கொள்ளலாம், அது அன்றைய சிலிப்பில் வரும். கம்பெனி சிலிப்பில் இந்தக் கதையெல்லாம் எதற்கு, எடுத்துவிடு என்றார் முதலாளி. தமிழ்ச்செல்வனும் போனில் அதையே சொன்னார். “நடந்ததத்தான சார் எழுதறாங்க. எடுக்க மாட்டன்” என்று இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னாள். அந்த வரி இருக்கிறது.

அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் இரண்டு பேரையும் மாதம்மாள் அழைத்திருந்தார். காலையெல்லாம் கன்றுகள் ஊருக்குள் வால் தூக்கி ஓடின. சாயங்காலம் சென்டரில் வரிசை நின்றது. எல்லோருக்கும் உள்ளுக்குள் போன வருஷத்து நினைவு. யாரும் முதலில் கேனை வைக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் வண்டியும் வந்துவிட்டது.

வரிசையின் பின்னாலிருந்து பச்சியப்பன் குரல் கொடுத்தார். “என்னா, இந்த வருஷமாச்சும் மெஷினு ஓடுமா ஓடாதா?”

மாதம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஊருக்கே கேட்கும் அந்தக் குரலில் சொன்னார்.

“ஆபரேட்டரை அணுகவும்!”

கோகிலவாணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரிசை விலகி வழி விட்டது. வேறு வழியில்லாமல் பச்சியப்பன்தான் முதலில் வந்து கேனை வைத்தார். மெஷின் அளந்தது, கொழுப்பு பார்த்தது, சிலிப்பை நீட்டியது. அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். ‘காலை: கன்றுக்கு’ என்று இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாதம்மாள் அடுத்த கேனுக்குக் கை நீட்டினார்.